எண்ணிக்கை ஒன்றே; பரப்பு வேறு

கமரா வாங்கக் கடைக்குச் செல்பவர் முதலிற் கேட்கும் கேள்வி, "எத்தனை மெகாபிக்சல்?" என்பதே. பெரிய தொகை அச்சிட்ட பெட்டியை மகிழ்வுடன் வாங்கி வருகிறார். அன்று மாலை விளக்கொளியில் அம்மம்மாவைப் படமெடுத்துப் பார்த்தால், அவர் முகமெங்கும் மணல் தூவியது போற் காண்கிறது. சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் வீணாயிற்றோ என மனம் வருந்துகிறது. இம்மணல் எங்கிருந்து வந்தது?

விடை காண்பதற்கு இரு கமராக்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். யப்பான் தேசத்து நிக்கொன் நிறுவனம் 2007ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் டி 3, டி 300 என்னும் இரண்டையும் ஒருங்கே அறிமுகஞ் செய்தது. மெகாபிக்சல் ஒன்று என்பது பத்து இலட்சம் புள்ளிகளாகும். டி 3 கமராவில் 121 இலட்சம் புள்ளிகள்; டி 300 இல் 123 இலட்சம். எண்ணிக்கையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால், அப்புள்ளிகளைத் தாங்கும் ஒளியுணரித் தகடு டி 3 இல் 36 மில்லிமீற்றர் நீளமும் 23.9 மில்லிமீற்றர் அகலமும் உடையது. டி 300 இலோ நீளம் 23.6, அகலம் 15.8 மில்லிமீற்றரே. பெருக்கிப் பாருங்கள்: முன்னையதன் பரப்பு 2.3 மடங்காகும். ஆகவே, அதன் ஒவ்வொரு புள்ளியும் அவ்வளவுக்குப் பெரியது.

மழை பெய்யும் முற்றத்தில் அகன்ற வாயுள்ள சட்டியொன்றையும் ஒடுங்கிய வாயுள்ள சட்டியொன்றையும் வைத்தால், எதில் அதிக நீர் சேரும் என்பதை யாரும் அறிவர். ஒளியும் மழைபோலத் துணிக்கை துணிக்கையாகவே வந்து விழுகிறது. அதுவும் ஒழுங்கின்றி விழுகிறது. ஒரு புள்ளியிற் சராசரி 100 துணிக்கைகள் சேருமாயின், அத்தொகை ஏறத்தாழ 10 கூடியோ குறைந்தோ அமையும். அஃதாவது நூற்றுக்குப் பத்து. 10,000 சேருமாயின் வேறுபாடு 100 மட்டுமே, நூற்றுக்கு ஒன்று. அயலிலுள்ள புள்ளிகளிடையே தோன்றும் இவ்வேறுபாடே நாம் கண்ட மணல். ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்துவதால் ஒளி கூடுவதில்லை. கிடைத்த ஒளியின் குறிப்பு மட்டுமே பெருக்கப்படுகிறது. மணலும் உடன் பெருகுகிறது. டி 3 கமராவுக்கு அவ்வெண்ணின் வழமையான எல்லை 6400 ஆகவும், டி 300 க்கு 3200 ஆகவும் வகுக்கப்பட்டமை இதனோடு பொருந்துவதே.

அப்படியாயின் சிறியது பயனற்றதா? அன்று. நல்ல வெயிலில் இரண்டுக்கும் ஒளி தாராளம், வேறுபாடு காண்பதரிது. ஒரே வில்லையைப் பொருத்தித் தூரத்துப் பறவையைப் படமெடுத்தால், சிறிய தகட்டிலேயே பறவையின்மீது அதிக புள்ளிகள் விழும். விலையையும் நோக்குங்கள்: வெளிவந்தபோது அமெரிக்காவில் டி 3 ஏறத்தாழ 5,000 டொலர்; டி 300 ஏறத்தாழ 1,800 டொலர்.

எனவே, கமரா வாங்க எண்ணும் மாணவர்களே, பெற்றோர்களே! புள்ளிகளின் தொகையைக் கேட்டதும் ஒளியுணரியின் நீள அகலத்தையும் கேளுங்கள். ஒரே காலத்திற் செய்யப்பட்ட கருவிகளையே ஒப்பிடுங்கள். எடுக்கப்போவது வெயிலிற் பறவையையா, விளக்கொளியில் அம்மம்மாவையா என்பதை முன்னரே தீர்மானித்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள்.