வீதிக்கும் ஓர் உரிமை உண்டு

நமது வீடுகளில் நிக்காஹ் நாள் குறிக்கப்பட்டதும் தவறாமல் எழுகின்ற ஒரு பேச்சு உண்டு. மாப்பிள்ளை ஊர்வலத்திற்குப் பேண்டு வாத்தியம் வைப்பதா, வேண்டாமா? மார்க்கத்தில் இதற்கு இடமில்லை என்பார் ஒருவர். பாட்டனார் காலந்தொட்டு நடந்துவருவதை ஏன் நிறுத்த வேண்டும் என்பார் மற்றொருவர். இசைக்கருவிகள் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு நெடுங்காலமாக உள்ளது. அதனைத் தீர்த்துவைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. எனினும், வீதியில் ஒலிக்கும் பாட்டையும் வாத்தியத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒதுக்கிவிடுவதற்கு முன், நாம் சிந்திக்க வேண்டியவை சில உள்ளன. அவற்றை நமக்கு உணர்த்துவதற்குச் செஞ்சியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை.

இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை வளைத்து நிற்கும் செஞ்சிக் கோட்டையை, 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராத்தியர் கோட்டைகளின் வரிசையில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆயினும் தமிழ் மக்களின் நெஞ்சில் இக்கோட்டை வாழ்வது தேசிங்குராஜனால்தான். கப்பப் பாக்கியைக் காரணமாகக் கொண்டு ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகான் 1714இல் படையெடுத்து வந்தபோது, சிறு படையுடன் எதிர்நின்று இளம் வயதிலேயே உயிர்நீத்தவன் அவன். அவனுடன் சேர்ந்து போரிட்டு மடிந்தவர் அவனது உயிர்த்தோழர் மகபத்கான். கதைப்பாட்டில் அவர் பெயர் மோவுத்துக்காரன்.

நாட்டுப்புறப் பாடகர்கள் இக்கதையைப் பாடும்போது கேட்போரைக் கலங்கவைக்கும் இடம் ஒன்று உண்டு. மகபத்கானுக்குத் திருமணம் நடைபெறும் வேளையில் தேசிங்கின் ஓலை வந்து சேருகிறது. மணக்கோலத்தைக் கலைத்துவிட்டு, நண்பனுக்குக் கொடுத்த வாக்கைக் காக்கப் போர்க்களம் புறப்படுகிறார் அவர். எதிரே நிற்பவர் ஒரு முஸ்லிம் நவாப். உயிரைக் கொடுப்பவரும் ஒரு முஸ்லிம் வீரர். இது இரு மதங்களுக்கு இடையில் நடந்த போர் அன்று என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் சொல்லிவிட முடியாது.

இந்த நினைவைக் காத்தவர் யார்? வென்ற நவாபின் பெயரைக் கோட்டைக்குள் இருக்கும் சாதத்துல்லாகான் பள்ளிவாசல் தாங்கி நிற்கின்றது. தோற்ற தரப்பில் நின்ற மகபத்கானின் பெயரை முந்நூறு ஆண்டுகள் சுமந்து வந்தவர்கள் வீதிப் பாடகர்களும் தெருக்கூத்துக் கலைஞர்களுமே. அவர்களுள் பெரும்பாலோர் நமது சமுதாயத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். இருந்தும், ஒரு முஸ்லிமின் வாக்குத் தவறாமையைத் தம் பிள்ளைகளுக்குப் பாடிக் காட்டினார்கள். இன்று இந்நாட்டில் ஊர்வலங்களும் அவற்றில் ஒலிக்கும் பாடல்களும் சில இடங்களில் பகைக்குக் கருவியாக்கப்படுகின்றன. அத்தகைய காலத்தில், வீதிப்பாட்டு நட்பையும் வளர்க்கும் என்பதற்கு நம் கைவசம் உள்ள சான்று இது. இதனை நம் வீட்டுப் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

பேண்டு வாத்தியத்தின் வரலாறும் எண்ணத்தக்கது. உதுமானியப் படையின் மெஹ்தர் இசைக்குழுவின் பெருமுரசும் கைத்தாளமும் பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் படைகளின் இசையில் இடம்பெற்றன. அந்தப் படைகளின் பேண்டு ஆங்கிலேயருடன் சென்னைக் கோட்டைக்கு வந்தது. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் அரண்மனையிலேயே மேலைநாட்டு முறையில் ஒரு பேண்டு வைத்திருந்தார். பின்னர் அது அரண்மனையையும் படைமுகாமையும் விட்டு இறங்கி, எளிய மக்களின் திருமண ஊர்வலத்திற்கும் தர்கா கந்தூரிக்கும் கோயில் திருவிழாவிற்கும் உரியதாயிற்று. ஆகவே, அதனை முற்றிலும் அந்நியக் கலாசாரம் என்று தள்ளுவதும் சரியன்று. மார்க்கத்தின் ஓர் அங்கம் என்று கொள்ளுவதும் சரியன்று. அது மனிதர் மகிழ்ச்சியை அறிவிக்கும் ஒரு வழக்கம், அவ்வளவே.

வழக்கங்களை நபி (ஸல்) அவர்கள் எவ்வாறு அணுகினார்கள்? பெருநாள் அன்று ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரு சிறுமியர் பாடியதை அபூபக்கர் (ரலி) அவர்கள் கண்டித்தபோது, ஒவ்வொரு சமூகத்திற்கும் ஒரு பெருநாள் உண்டு என்று கூறி அவர்களை விட்டுவிடச் சொன்னார்கள். அன்சாரிகளின் வீட்டுக்கு மணப்பெண் அனுப்பப்பட்டபோது, அவர்கள் களிப்பை விரும்புவார்களே, அதற்கு ஏற்பாடு உண்டா என்று வினவினார்கள். அதே நபியவர்கள்தாம் பாதைக்கு அதன் உரிமையைக் கொடுத்துவிடுமாறும், அதில் பிறருக்குத் தொல்லை தராதிருக்குமாறும் கட்டளையிட்டார்கள். மகிழ்ச்சிக்கு இடமளித்த மார்க்கமே வீதிக்கும் உரிமை உண்டு என்று கற்பித்தது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் நமது இன்றைய நிலை வெட்கத்திற்குரியது. பேண்டு கூடாது என்று தீர்மானித்த சில குடும்பங்களே, அதற்கு ஈடாக நள்ளிரவு வரை அதிரும் டி.ஜே. ஒலிபெருக்கிகளை வாடகைக்கு எடுக்கின்றன. நெஞ்சு நோயாளியும் கைக்குழந்தையும் தேர்வுக்குப் படிக்கும் மாணவியும் உள்ள தெருவில் இது எந்த வகை மார்க்கப் பற்று? ஊர்வலச் செலவுக்காகக் கடன் வாங்கும் பெண்ணின் தந்தையை நாம் அறிவோம். வெயிலில் பல தெருக்கள் நடந்து ஊதிய கலைஞரை, பேசிய கூலியில் ஒரு பகுதியைக் குறைத்துக் கொடுத்து அனுப்புவோரையும் அறிவோம். உழைத்தவனின் வியர்வை உலர்வதற்கு முன் கூலியைக் கொடுக்கப் பணிக்கப்பட்ட உம்மத்து நாம்.

எனவே, நமது ஜமாஅத்துகளின் முன் சில யோசனைகளை வைக்கிறோம். இசைக்கருவியைத் தவிர்ப்போர் தவிர்க்கட்டும். அவர்களுக்குத் தஃப் முழக்கிப் பாடும் மரபு உண்டு. பேண்டு வைப்போர் அதன் நேரத்தையும் தூரத்தையும் முன்கூட்டியே வரையறுத்துக்கொள்ளட்டும். பாங்கு ஒலிக்கும் நேரத்தில் மட்டுமன்றி, கோயிலில் பூசை நடக்கும்போதும், துக்க வீட்டையும் மருத்துவமனையையும் கடக்கும்போதும் வாத்தியம் அடங்கட்டும். நாம் பிறரிடம் எதிர்பார்க்கும் மரியாதையை முதலில் நாமே கொடுப்போம். கலைஞர்களுக்கு அன்றே முழுக் கூலி கிடைக்கட்டும். அவர்கள் எந்த மதத்தினராயினும், விருந்தினர் அமரும் அதே பந்தியில் அமரட்டும். டி.ஜே. வண்டிகளுக்கு மஹல்லா அளவில் விடை கொடுப்போம்.

செஞ்சிக்குச் சுற்றுலா செல்லும் குடும்பங்கள் மலையேறிப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், மகபத்கானின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். கொடுத்த வாக்குக்காகத் தமது மணநாளையே விட்டுக்கொடுத்தவர் அவர். நமது மணநாளில் அண்டை வீட்டாரின் உறக்கத்தை விட்டுக்கொடுப்பது அதனினும் எளிய காரியம்.

நமது மகிழ்ச்சி பிறருக்குத் துன்பமாகாத வாழ்வை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.