சொல் கேட்க வேண்டும்: சிறு இசைக்குழுவும் ஒலிபெருக்கித் தேர்வும்

1958ஆம் ஆண்டு தேவிகுளம் சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. முந்தைய ஆண்டு அங்கு வென்ற ரோசம்மா புன்னூஸின் வெற்றி செல்லாதென அறிவிக்கப்பட்டதால் வந்த தேர்தல் அது. ஈ.எம்.எஸ். நம்பூதிரிப்பாடின் அரசு குறுகிய பெரும்பான்மையில் நின்றிருந்தமையால் அந்த ஒரு தொகுதியை மாநிலமே கவனித்தது. அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் உழைத்தோரில் பெரும்பாலோர் தமிழர். அவர்களிடையே பாடி வாக்குக் கேட்க மலைக்கு அப்பாலுள்ள பண்ணைப்புரத்திலிருந்து வந்தவர் பாவலர் வரதராசன். பின்னாளில் இளையராஜா என்று உலகறிந்த தம்பி பதின்பருவத்தில் சேர்ந்ததும் அவருடைய குழுவில்தான். ரோசம்மா புன்னூஸ் மீண்டும் வென்றார்.

ஒரு பாட்டு தேர்தல் களத்தில் பயன்பட வேண்டுமாயின் அதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. திடலின் கடைசி வரிசையில் நிற்பவருக்கும் பாட்டின் சொற்கள் விளங்க வேண்டும். அக்காலப் பொதுக்கூட்டங்களின் கூம்பு ஒலிபெருக்கி இனிமையற்றது. அடித்தொனி அதில் ஏறக்குறைய எழாது. ஆயினும் மனிதப் பேச்சின் நடு அலைவெண்களை அது தொலைவுக்குக் கொண்டு சென்றது. இசை மெலிந்தாலும் சொல் பிழைத்தது.

இன்று அதே மலைப்பகுதியில், பள்ளிவாசலை அடுத்த சித்திரபுரத்தில், ஐந்தாறு இளைஞர் சேர்ந்து ஓர் இசைக்குழு தொடங்குவதாகக் கொள்ளலாம். கீபோர்டு, கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ், இரண்டு குரல்கள். மாரியம்மன் கோயில் விழா, தேவாலயத் திருநாள், திருமண வரவேற்பு, தொழிற்சங்கக் கூட்டம் ஆகியவையே அவர்களுக்கு மேடை. கேட்போர் இருநூறு பேர் இருக்கலாம். குழுவின் முதல் பெருஞ்செலவு பெருக்கியும் ஒலிபெருக்கியும். அந்தப் பணம் பெரும்பாலும் கடனாகவே வரும். கடைக்குச் சென்றதும் எழும் முதல் கேள்வி, 'எத்தனை வாட்?' என்பது. சிக்கல் அந்தக் கேள்வியிலேயே தொடங்குகிறது.

தமிழில் வழங்கும் 'ஒலிபெருக்கி' என்னும் சொல்லும் இதற்குத் துணைபோகிறது. ஒலியைப் பெருக்குவது உண்மையில் ஆம்ப்ளிஃபயர். பெட்டியோ மின்குறிப்பை மீண்டும் காற்றதிர்வாக மாற்றுவது மட்டுமே. இரண்டின் வேலையும் ஒரே பெயருக்குள் அடங்கிவிட்டதால், பெருக்குவதே கருவியின் முழுப்பயன் என்ற எண்ணம் படிந்துவிடுகிறது. எந்த ஒலியை, யாருக்காக, எவ்வளவு தெளிவாக என்ற கேள்விகள் பின்தங்குகின்றன.

முதலில் வாட் கணக்கு. பெருக்கியின் ஆற்றலை இருமடங்காக்கினால் ஒலி அளவு 3 டெசிபெல் மட்டுமே கூடும். காதுக்கு ஒலி இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு ஆற்றல் தேவை. ஆகவே 500 வாட்டுக்கும் 1000 வாட்டுக்கும் விலையில் தெரியும் வேறுபாடு செவியில் சிறிதே. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் எண் பெரும்பாலும் கணநேர உச்ச ஆற்றலைக் குறிப்பது. தொடர்ச்சியாகத் தாங்கும் ஆற்றல் அதில் பாதியாகவோ கால்பங்காகவோ இருக்கலாம்.

வாங்குவோர் பார்க்க வேண்டிய எண் வேறொன்று. ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தொலைவில் அளந்தால் கிடைக்கும் ஒலி அளவு அது, உணர்திறன் எனப்படும். 90 டெசிபெல் உணர்திறன் உள்ள பெட்டிக்கும் 97 டெசிபெல் உள்ள பெட்டிக்கும் இடையிலான 7 டெசிபெல், ஐந்து மடங்கு ஆற்றலுக்குச் சமம். நல்ல பெட்டியுடன் இணைந்த 200 வாட், மந்தமான பெட்டியுடன் இணைந்த 1000 வாட்டுக்கு ஈடாக நிற்கும். கடையில் இந்த எண்ணைக் கேட்பவர் அரியவர்.

இதோடு சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000 இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன; ஆண்டில் சில விழா நாள்களுக்கு மட்டும் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு அளிக்கலாம். பகலிலும் பொது இடத்தின் எல்லையில் ஒலி, அப்பகுதிக்குரிய வரம்பைவிட 10 டெசிபெல்லுக்கு மேலோ, மொத்தம் 75 டெசிபெல்லுக்கு மேலோ போகக் கூடாது. இரண்டில் குறைந்ததே செல்லும். குடியிருப்புப் பகுதிக்குரிய பகல் வரம்பு 55 என்பதால் அங்கு எல்லை 65 ஆகவே அமையும்.

தாராளமான 75ஐயே எடுத்துக்கொள்ளலாம். திடலின் எல்லை பெட்டியிலிருந்து 30 மீட்டர் எனில், திறந்த வெளியில் தொலைவு இருமடங்காகும்போதெல்லாம் 6 டெசிபெல் குறையும் என்ற கணக்கின்படி, ஒரு மீட்டரில் ஏறத்தாழ 104.5 டெசிபெல் இருக்கலாம். 97 டெசிபெல் உணர்திறன் உள்ள பெட்டி இதை எட்டச் சராசரியாக 6 வாட் போதும். பாட்டின் திடீர் உச்சங்கள் உடையாமலிருக்க 15 டெசிபெல் இடைவெளி விட்டாலும் தேவை 180 வாட்டைத் தாண்டாது. அப்போது 12 மீட்டரில் அமர்ந்திருப்பவருக்கு 83 டெசிபெல் கிடைக்கும்; கூட்டத்தின் பேச்சிரைச்சலுக்கு மேல் குரல் தெளிவாக நிற்க அது போதும். அதற்கு மேல் வாங்கும் ஆயிரக்கணக்கான வாட், கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டு பெட்டிக்குள் உறங்கும். அல்லது சட்டத்தை மீறும்.

எனினும் வாட் கணக்கைவிட முதன்மையானது மொழிக்கணக்கு. தமிழ்ச் சொல்லின் ஒலியாற்றலில் பெரும்பகுதி உயிரொலிகளில் இருக்கிறது. அது 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே திரள்கிறது. ஆனால் ஒரு சொல்லை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகளின் அடையாளங்கள் பெரும்பாலும் 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பரப்பில் உள்ளன. வலி, வளி, வழி ஆகிய மூன்றையும் வேறுபடுத்துவதில் பெரும்பங்கு வகிப்பது மூன்றாம் ஃபார்மன்ட். நாவை மடித்து ஒலிக்கும்போது அது கீழிறங்குகிறது. அந்தப் பரப்பு மங்கினால் மூன்று சொல்லும் ஒரே சொல்லாகக் கேட்கும். மேடையில் பாடுபவர் உயிரை நீட்டி மெய்யைச் சுருக்கிப் பாடுகிறார் என்பதையும் சேர்த்தால் இழப்பு இன்னும் கூடும்.

பாடு, பாட்டு என்னும் இணை வேறொன்றைக் கற்பிக்கிறது. இரட்டித்த வல்லினத்தின் அடையாளங்களுள் ஒன்று மௌனம்: நா அடைத்து நிற்கும் அந்தச் சிறு இடைவெளி. தகரக் கூரையும் சிமெண்ட் தரையும் கொண்ட கூடத்தில் முந்தைய உயிரின் எதிரொலி அந்த மௌனத்தை நிரப்பிவிடுகிறது. திறந்த வெளியிலும் எதிர்ச்சரிவிலோ கட்டடத்திலோ பட்டு 50 மில்லிநொடிக்கு மேல் தாமதித்து வலுவாகத் திரும்பும் ஒலி சொல்லைக் கெடுக்கும். ஒலியின் வேகத்தில் அது 17 மீட்டர் கூடுதல் பாதைக்குச் சமம். மலையூரில் இத்தகைய சுவருக்கும் சரிவுக்கும் பஞ்சமில்லை. இந்நிலையில் ஒலியைக் கூட்டினால் எதிரொலியும் அதே அளவு கூடும். தெளிவு மட்டும் கூடாது.

மேலும், வலுவான தாழ்ந்த ஒலி தனக்கு மேலுள்ள அலைவெண்களை மறைக்கும் என்பது செவிப்புலன் ஆய்வில் உறுதிப்பட்ட செய்தி. ஒலி அளவு உயர உயர அந்த மறைப்பும் பரவுகிறது. பேஸ் அதிரும் மேடையில் பாடகர், 'குரலைக் கொஞ்சம் ஏற்றுங்கள்' என்கிறார். குரல் ஏறியதும் பேஸ் கிட்டார்காரர் தம் பெருக்கியை ஏற்றுகிறார். இறுதியில் எல்லாம் ஏறியிருக்கும். சொல் மட்டும் இறங்கியிருக்கும்.

2018 ஜனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சியை நடத்திய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இங்கு நினைக்கத் தக்கது. கானா, ராப், பறை, கிட்டார் யாவும் ஒரே மேடையில் சேர்ந்த குழு அது. சாதிக்கு எதிரான சொல்லே அதன் உயிர். இத்தகைய மேடையில் பறைக்கும் டிரம்ஸுக்கும் இயல்பிலேயே வலு உண்டு. சிறு திடலில் அவற்றுக்கு மைக்கே தேவைப்படாமல் போகலாம். மின்னாற்றலின் துணை இன்றியமையாதது மனிதக் குரலுக்குத்தான். எனவே சிறு குழுவின் ஒலியமைப்பைக் குரலிலிருந்து தொடங்கித் திட்டமிட வேண்டும். மற்றவை குரலுக்கு இடம்விட்டு அமைய வேண்டும்.

இதிலிருந்து பெறப்படும் தேர்வு எளியது. முதற்பணத்தில் குரலுக்கான இரண்டு நல்ல பெட்டிகளை வாங்கலாம். 10 அல்லது 12 அங்குல ஒலிப்பானும் மேலே ஒரு கொம்பு வாயும் உள்ள, பெருக்கி உள்ளேயே அமைந்த பெட்டிகள் சிறு குழுவுக்குப் போதும். தனிப் பெருக்கி வாங்குவோர் ஓம் கணக்கை மறக்கலாகாது: இரண்டு 8 ஓம் பெட்டிகளை இணையாக இணைத்தால் பெருக்கி காண்பது 4 ஓம், அதைத் தாங்கும் பெருக்கியா என்பதை முதலில் பார்க்க வேண்டும். எடையும் கணக்கில் வர வேண்டும். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து லயத்துப் படிகளில் தோளில் ஏற்ற முடியாத பெட்டி, எத்தனை வாட் ஆயினும் அந்த ஊருக்குப் பயனற்றது.

கிட்டாருக்குத் தனிப் பெருக்கி 15 அல்லது 20 வாட் போதும். அதைக் கலைஞரின் காலடியில் வைக்காமல், சற்றுச் சாய்த்துக் காதை நோக்கி வைத்தால் அவர் தம் ஒலியைத் தாமே கேட்பார், ஏற்றவும் மாட்டார். பாடகருக்கு ஒரு மானிட்டர் பெட்டி கட்டாயம் வேண்டும். தன் குரல் தனக்குக் கேட்காத பாடகர் கத்துவார். கத்தும் குரலில் மெய்யொலிகள் மேலும் மங்கும்.

பெட்டியைத் தரையில் வைப்பது பெருந்தவறு. மெய்யொலிகளைச் சுமக்கும் உயர் அலைவெண்கள் முன்வரிசையினரின் உடலில் பட்டே அடங்கிவிடும். முன்னிருப்பவருக்குக் காதுவலி, பின்னிருப்பவருக்கு வெறும் முழக்கம். கொம்பு வாய் தலைகளுக்கு மேலே நிற்கும்படி ஸ்டாண்டில் ஏற்றி, எதிர்ச்சுவரை விட்டு மக்களை நோக்கித் திருப்ப வேண்டும். பாடகரின் மைக் பெட்டிகளுக்குப் பின்னே இருந்தால் கூவல் குறையும். குரல் மைக்கில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை மிக்ஸரில் வெட்டிவிட்டால் காற்றின் இரைச்சலும் மேடையின் அதிர்வும் நீங்கும். சொல்லுக்கு எந்த இழப்பும் நேராது. இவை எவற்றுக்கும் பெரும்பணம் வேண்டியதில்லை.

எதிர்வாதமும் வலுவானதே. பாட்டு என்பது சொல் மட்டுமா என்று இளைஞர் கேட்பர். நெஞ்சில் மோதும் பேஸும் இசையின் இன்பங்களுள் ஒன்று. ஆட்டத்துக்கு அதுவே அடிப்படை. விழாக் குழுவினரும் மேடையின் இருபுறமும் அடுக்கிய பெட்டிகளை எண்ணிப் பார்த்தே குழுவின் தரத்தை முடிவு செய்கின்றனர். இரண்டு பெட்டியோடு வரும் குழுவுக்கு அடுத்த ஆண்டு அழைப்பு வராது போகலாம். இந்த அச்சத்தை ஏளனம் செய்ய இயலாது. அது பிழைப்பைப் பற்றியது.

அதற்கு விடை உடைமையையும் வாடகையையும் பிரித்துக்கொள்வதே. ஆட்டத்துக்கான இரவில் சப் வூஃபரை உள்ளூர் மைக் செட்காரரிடம் வாடகைக்கு எடுக்கலாம். அவருக்கும் தொழில், குழுவுக்கும் கடன் குறைவு. ஆண்டு முழுவதும் எல்லா மேடைக்கும் தேவைப்படுவது குரலுக்கான பெட்டி. அதைச் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும். சொல்லுக்கு வேண்டியதை வாங்கலாம். இடிக்கு வேண்டியதை வாடகைக்கு எடுக்கலாம்.

மொழியியல் மாணவருக்கு இதில் ஒரு பணி காத்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஓர் ஒலியால் மட்டும் வேறுபடும் சொற்களைக் கொண்டு ஒலியமைப்பின் தெளிவைச் சோதிக்கும் முறை 1960களிலேயே உருவானது. வலி, வளி, வழி, பாடு, பாட்டு, காடு, காட்டு போன்ற ஐம்பது தமிழ்ச் சொற்களைப் பட்டியலிடுவதற்கு ஒரு பிற்பகல் போதும். விழாவுக்கு முன் மேடையிலிருந்து ஒருவர் அவற்றை வாசிக்க, திடலின் வெவ்வேறு இடங்களில் நிற்கும் இருபது பேர் கேட்டதை எழுத வேண்டும். பிழைகளை எண்ணினால் எந்த இடத்தில் எந்த ஒலி தொலைகிறது என்பது தெரிந்துவிடும். பெட்டியைத் திருப்பி, பேஸைக் குறைத்து மீண்டும் வாசிக்கலாம். ஆய்வேட்டில் அட்டவணையாகக் கிடக்கும் ஒலியனியல் அன்று ஒரு குழுவின் கடனைக் குறைக்கும்.

தமிழ் சிறுபான்மை மொழியாக வாழும் மலையில் மேடைப்பாட்டு வெறும் பொழுதுபோக்கு ஆகாது. கூலி உயர்வையும் வீட்டுரிமையையும் குறித்து ஒரு தொழிலாளி தன் மொழியில், தன் பிள்ளைகளுக்கு நடுவே நின்று கேட்கும் இடங்களுள் அதுவும் ஒன்று. அந்தப் பிள்ளைகள் ழகரத்தைத் தெளிவாகக் கேட்டு வளர்வதும் கேளாமல் வளர்வதும் ஓரளவு அந்த இரண்டு பெட்டிகள் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டன, எங்கே வைக்கப்பட்டன என்பதைப் பொறுத்தது. கடைக்குச் செல்லும் குழு வாட்டைக் கேட்பதற்கு முன், தம் பாட்டின் ஒரு வரியை அந்தப் பெட்டியில் ஒலிக்கச் செய்து, தெருவின் மறுமுனையில் நிற்கும் ஒருவரிடம் என்ன கேட்டதென்று வினவட்டும்.