வெற்று மிரட்டலுக்கு டெல்லி ஏன் வாய்மூடி நிற்க வேண்டும்?

1790 செப்டம்பர் 14 அன்று அவிநாசி அருகே நம் சேவூரில் ஒரு போர் நடந்தது. புளியம்பட்டி சாலையில் தினமும் போய்வருகிற நம்மில் பலருக்கு இது தெரியாது. மைசூரைப் பிடிக்கப் புறப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் கவர்னர் மெடோஸ், அந்த ஆண்டு ஜூலையில் கோயம்புத்தூரைச் சண்டையில்லாமலே பிடித்திருந்தார். கஜல்ஹட்டி கணவாய் வழியே மலையேறி ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடைவது அவர் திட்டம். அவர் ஏறுவதற்குள் அதே கணவாய் வழியே திப்பு சுல்தான் இறங்கி வந்துவிட்டார். சத்தியமங்கலத்தில் இருந்த கர்னல் ஃபிளாய்டின் படை பகல் முழுக்கப் பீரங்கிக் குண்டுகளைத் தாங்கிவிட்டு, பவானியைக் கடந்து கோவைப் பக்கம் பின்வாங்கியது. சில பீரங்கிகளை அங்கேயே விட்டுவிட்டார்கள். வழியில் மூட்டைமுடிச்சும் அரிசியும் திப்புவின் ஆட்களிடம் போயின. பசியோடு நடந்த அந்தப் படையைச் சேவூரில் மறித்து அடித்தார் திப்பு.

அன்று மாலை நடந்ததுதான் இன்றைய செய்திகளைப் படிக்கும்போது நினைவுக்கு வருகிறது. 'மெடோஸ் வந்துவிட்டார்' என்ற பேச்சு கம்பெனிப் படைக்குள் பரவி, சிப்பாய்கள் ஆரவாரம் செய்தார்கள். மெடோஸ் வரவில்லை, அவர் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தார். ஆனால் அந்த ஆரவாரத்தை நம்பித் திப்பு தன் படையை விலக்கிக்கொண்டார் என்று அக்காலப் போர்க்குறிப்புகள் சொல்கின்றன. கையில் சோறில்லாத படையை அன்று காப்பாற்றியது வெறும் கூச்சல். கேட்டவர் நம்பியதால் அது பலித்தது.

2022 பிப்ரவரி 24 முதல் ரஷ்ய அரசு உலகத்தின் காதில் போடுவதும் இப்படிப்பட்ட கூச்சல்தான். உக்ரைனுக்குள் படை நுழைந்த காலையிலேயே, குறுக்கே வருபவர்கள் வரலாறு காணாத விளைவுகளைச் சந்திப்பார்கள் என்று அதிபர் புதின் அறிவித்தார். களத்தில் நடந்தது வேறு. கீவ் நகரை நோக்கிப் போன 60 கிலோமீட்டர் நீள வாகன வரிசை டீசலும் சாப்பாடும் இல்லாமல் சாலையிலேயே நின்றது. மார்ச் கடைசியில் அந்தப் படை திரும்பத் தொடங்கியது. ஏப்ரல் 14-ல் கருங்கடல் கடற்படையின் தலைமைக் கப்பல் மாஸ்க்வா மூழ்கியது. செப்டம்பரில் கார்கிவ் பகுதி சில நாட்களில் கைவிட்டுப் போனது. கெர்சானை ரஷ்யாவோடு என்றென்றைக்கும் சேர்த்துவிட்டதாக செப்டம்பர் 30 அன்று மாஸ்கோவில் விழா நடத்தினார்கள். ஆறு வாரத்தில், நவம்பர் 11-க்குள், கெர்சான் நகரைக் காலிசெய்துவிட்டு ஆற்றுக்கு அக்கரை போனார்கள்.

களத்தில் அடி விழவிழ மிரட்டலின் குரல்தான் ஏறியது. நேட்டோவில் சேர்ந்தால் கடும் ராணுவ விளைவு உண்டு என்று பின்லாந்தையும் ஸ்வீடனையும் எச்சரித்தார்கள். பின்லாந்து 2023 ஏப்ரலிலும் ஸ்வீடன் 2024 மார்ச்சிலும் சேர்ந்துவிட்டன. ஒரு குண்டும் விழவில்லை. 2023 ஜூலையில் கருங்கடல் தானிய ஒப்பந்தத்தை முறித்து, உக்ரைன் துறைமுகம் நோக்கி வரும் கப்பல்களை ஆயுதக் கப்பலாகவே கருதுவோம் என்றார்கள். அடுத்த மாதமே ஒடெசாவிலிருந்து முதல் சரக்குக் கப்பல் கரையோரமாகக் கிளம்பியது. பின்னாலேயே நூற்றுக்கணக்கில் கிளம்பின. அணு ஆயுதம் பற்றிப் பேசுவது வெற்றுப் பேச்சில்லை என்று 2022 செப்டம்பரில் புதின் சொன்னார். 2024 ஆகஸ்டில் உக்ரைன் படை ரஷ்யாவின் கூர்ஸ்க் மண்ணுக்குள்ளேயே நுழைந்தது. 2025 ஜூன் 1 அன்று ரஷ்யாவின் உள்நாட்டு விமானத்தளங்களில் நின்ற குண்டுவீச்சு விமானங்களை டிரோன்கள் எரித்தன. வரைந்த சிவப்புக் கோடுகளெல்லாம் தாண்டப்பட்டுவிட்டன.

இத்தனை மிரட்டலும் வீண்தானே, இதில் நாம் கவலைப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கவலைப்பட இருக்கிறது, ஏனென்றால் மிரட்டல் முழுக்க வீணாகவில்லை. எஃப்-16 விமானங்கள் உக்ரைனுக்குப் போய்ச்சேர 2024 ஆகஸ்ட் ஆனது. தொலைதூர ஏவுகணைகளை ரஷ்ய மண்மீது பயன்படுத்த அமெரிக்கா அனுமதி தர அந்த ஆண்டு நவம்பர் வரை இழுத்தது. டாங்கி கொடுத்தால் என்ன ஆகுமோ, விமானம் கொடுத்தால் என்ன ஆகுமோ என்று வாஷிங்டனும் பெர்லினும் யோசித்த மாதங்களில் ரஷ்யப் படை அகழி வெட்டியது, கண்ணிவெடி புதைத்தது, ஆள் சேர்த்தது. உக்ரைன் நிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இன்னும் அவர்கள் கையில் இருப்பதற்கு அந்தத் தயக்கமும் ஒரு காரணம்.

சறுக்கிய படை தோற்றேபோகும் என்று யாரும் கணக்குப் போட்டுவிடவும் கூடாது. அதற்கும் நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. 1790-ன் கடைசிக்குள் மெடோஸ் கொங்குநாட்டில் பிடித்தவற்றில் பல இடங்களை இழந்தார். ஆனால் அவருக்குப் பின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் வந்தார். மராத்தியரும் நிஜாமும் கம்பெனியோடு நின்றார்கள். 1792-ல் திப்பு பாதி ராஜ்யத்தை விட்டுக்கொடுக்க வேண்டிவந்தது. 1799-க்குப் பிறகு கோவைச் சீமை முழுக்கக் கம்பெனியிடம் போனது. யாரோடு யார் சேர்கிறார்கள், யார் ஒதுங்கி நிற்கிறார்கள் என்பதுதான் அன்றும் முடிவைத் தீர்மானித்தது. அதனால்தான் டெல்லி எங்கே நிற்கிறது என்ற கேள்வியை நாம் எழுப்புகிறோம்.

2022 மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுச்சபையில் 141 நாடுகள் இந்தப் படையெடுப்பைக் கண்டித்தபோது, ஒதுங்கி நின்ற 35 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அடுத்த ஆண்டு பிப்ரவரியிலும் அப்படியே. சமர்கண்டில் புதினை நேருக்கு நேர் வைத்துக்கொண்டு, இது போருக்கான காலம் அல்ல என்று பிரதமர் மோடி சொன்னதை இந்தத் தலையங்கம் மனதாரப் பாராட்டுகிறது. ஆனால் போர் தானாகப் பெய்த மழை போலப் பேசிவிட்டு, தொடங்கியவர் யார் என்பதை மட்டும் சொல்லாமல் விடுவது போதாது. இராக்கில் 2003-ல் அமெரிக்கா செய்ததும் படையெடுப்புதானே என்பார்கள். ஆம், படையெடுப்புதான், அதையும் சொல்ல வேண்டும். 2009-ல் முள்ளிவாய்க்காலில் நம் மக்கள் செத்தபோது உலகம் கண்ணை மூடிக்கொண்டதே என்று இன்றுவரை குமுறுகிற நாம், இன்னொரு மக்கள் சாகும்போது அதே மௌனத்துக்கு நியாயம் கற்பிக்க முடியாது.

மௌனத்துக்குக் கிடைத்த கூலி மலிவான எண்ணெய். போருக்கு முன் நம் கச்சா எண்ணெய் இறக்குமதியில் 2 சதவீதம்கூட இல்லாத ரஷ்யா, பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுத்தது. தள்ளுபடியின் லாபம் சுத்திகரிப்பு நிறுவனங்களுக்குப் போனது; பங்கில் நிற்கும் நம் பைக்குக்குப் பெட்ரோல் விலை குறைந்ததா? ஆனால் செலவுச் சீட்டு மட்டும் நேராகத் திருப்பூருக்கு வந்தது. ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்குத் தண்டனை என்று சொல்லி டிரம்ப் போட்ட கூடுதல் 25 சதவீதத்தோடு, 2025 ஆகஸ்ட் 27 முதல் நம் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தது. ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் பனியன் ஏற்றுமதி செய்கிற ஊர். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது.

அதற்குப் பிந்தைய வாரங்களில் நம் பகுதியில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தைத்து, செக்கிங் முடித்து, பெட்டி கட்டின சரக்கு ஷிப்மென்ட் போகாமல் நின்றது. வரியில் பாதியை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பையர் கேட்டால் மறுக்க முடியாத நிலை. ஒன்றரை ஷிப்ட் ஓடிய யூனிட் ஒரு ஷிப்டுக்கு இறங்கினால் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் ஓவர்லாக் டைலருக்கும் பேட்லாக் டைலருக்கும் சனிக்கிழமைச் சம்பளத்தில் அது அப்படியே தெரியும். சேவூர் கைகாட்டியில் காலை ஏழரைக்குக் கம்பெனி வேனுக்கு நிற்கும் பெண்களிடம், எண்ணெய் வாங்கலாமா வேண்டாமா என்று யாரும் கேட்டதில்லை. டிரம்பின் வரி அநியாயம். நம்மைவிட அதிகமாக எண்ணெய் வாங்கிய சீனாவுக்கு இந்தத் தண்டனை விழவில்லை. ஆனால் அந்த அநியாயத்துக்கு வாசல் திறந்துவிட்டது டெல்லியின் மூன்றாண்டுக் கணக்கு.

இன்னொன்று, இது பணத்தைவிடப் பெரியது. வேலை என்று ஏஜென்ட்களால் அழைத்துப் போகப்பட்டு ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்ட இந்தியர்கள் 126 பேர் என்று 2025 ஜனவரியில் வெளியுறவுத்துறை சொன்னது. அதில் 12 பேர் அதற்குள் செத்திருந்தார்கள். 16 பேர் எங்கே என்று அப்போது தெரியவில்லை. தன் சொந்த இளைஞர்களை அனுப்பத் தயங்கும் ஒரு படை நம் பிள்ளைகளை முன்வரிசைக்குத் தள்ளியிருக்கிறது. நட்பு நாடு என்று நாம் மதிக்கும் அரசிடம் இதைக் கடுமையாகக் கேட்கக்கூட டெல்லியின் குரல் எழவில்லை என்றால், அந்த நட்பு யாருக்காக?

மாஸ்கோ கோபித்துக்கொள்ளும் என்ற பயம் நான்கு திசையிலும் பொய்த்துவிட்டது. பின்லாந்து பயப்படவில்லை, கப்பல்காரர்கள் பயப்படவில்லை. 140 கோடி மக்களின் அரசு பயப்பட என்ன இருக்கிறது? பெரிய சந்தையை இழக்க ரஷ்யாவால் இன்று முடியாது. எண்ணெயை விற்க அவர்களுக்குத்தான் நாம் வேண்டும்.

எனவே மத்திய அரசிடம் நாம் கேட்பது இவை. ஐ.நா.வில் அடுத்த தீர்மானம் வரும்போது இந்தியா ஒதுங்கக் கூடாது. படையெடுப்பைப் படையெடுப்பு என்று சொல்லி வாக்களிக்க வேண்டும். ரஷ்யப் படையில் இருக்கும் கடைசி இந்தியரும் திரும்பும்வரை உயர்மட்டப் பயணங்களில் அதுவே முதல் பேச்சாக இருக்க வேண்டும். ரஷ்ய எண்ணெயில் கிடைத்த லாபத்தில் ஒரு பங்கை, வரியால் வேலை இழந்த பனியன் தொழிலாளர்களுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்களுக்கும் நேரடி நிவாரணமாகத் தர வேண்டும். திருப்பூர், கோவை, மற்றும் நம் அவிநாசி அடங்கிய நீலகிரி மக்களவை உறுப்பினர்கள் கட்சி பார்க்காமல் சேர்ந்து, நாடாளுமன்றத்தின் அடுத்த கூட்டத்தொடரிலேயே இந்த மூன்றையும் எழுப்ப வேண்டும்.