பூட்டுப் போட வந்தவர் தாழ்ப்பாளைக் கழற்றினால்...?

குழந்தைகளே! கடையில் ஒரு பீரோ வாங்குகிறீர்கள். பணமும் கொடுத்தாகிவிட்டது. பீரோவோடு கடை ஆள் ஒருவரும் உங்கள் வீட்டுக்கு வருகிறார். இதே போல் இன்னொரு பீரோவை நீங்கள் செய்து விற்றுவிடுகிறீர்களா என்று கண்காணிப்பதுதான் அவர் வேலை. ஆனால், அதை உங்களிடம் சொல்லவில்லை. சத்தமில்லாமல் பரண் மேல் ஏறி ஒளிந்துகொள்கிறார். அது மட்டுமா? தான் வந்து போக வசதியாக, கொல்லைப்புறக் கதவின் தாழ்ப்பாளையும் கழற்றி வைத்துவிடுகிறார். அன்று இரவு திருடன் வந்தால் என்ன ஆகும்?

சிரிக்காதீர்கள்! கம்ப்யூட்டர் உலகில் இது நிஜமாகவே நடந்திருக்கிறது; அதுவும் ஒரு முறை அல்ல, பல முறை.

பாட்டு, சினிமா, விளையாட்டு, சாப்ட்வேர் எல்லாவற்றையும் நொடியில் காப்பி எடுத்துவிடலாம். பணம் கொடுக்காமல் இப்படிக் காப்பி எடுப்பதைத்தான் 'பைரசி' என்கிறோம். உழைத்து உருவாக்கியவருக்கு இதனால் நஷ்டம். எனவே, அதைத் தடுக்க நிறுவனங்கள் முயல்வதில் தவறு இல்லை. தடுக்கும் முறையில்தான் சிக்கல் வருகிறது.

பாட்டு சிடிக்குள் ஒளிந்திருந்தது என்ன?

2005ஆம் ஆண்டு. அமெரிக்காவில் மார்க் ரஸ்ஸினோவிச் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் தன் கம்ப்யூட்டரைச் சோதித்துக்கொண்டிருந்தார். அதில் அவர் போடாத புரோகிராம் ஒன்று, கண்ணில் படாமல் ஒளிந்திருந்தது. எங்கிருந்து வந்தது என்று துருவித் துருவிப் பார்த்தார். அவர் காசு கொடுத்து வாங்கிய ஒரு பாட்டு சிடியிலிருந்துதான் வந்திருந்தது! அதை வெளியிட்டது 'சோனி பி.எம்.ஜி.' என்ற பெரிய இசை நிறுவனம். அந்த ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி இந்த விஷயத்தை அவர் உலகத்துக்குச் சொன்னார்.

கதைகளில் மாயக் குல்லாய் பற்றிப் படித்திருப்பீர்கள். அதைப் போட்டுக்கொண்டால் யார் கண்ணுக்கும் தெரியாது. கம்ப்யூட்டரில் இப்படி மறைந்து வாழும் புரோகிராமுக்கு 'ரூட்கிட்' என்று பெயர். சோனி சிடியில் இருந்ததும் அந்த வகைதான். பாட்டை அதிக முறை காப்பி எடுக்காமல் தடுப்பது அதன் வேலை. யாரும் அழித்துவிடக் கூடாது என்பதற்காக, குறிப்பிட்ட சில எழுத்துகளில் தொடங்கும் எல்லா பைல்களையும் அது மறைத்தது.

இங்கேதான் வம்பு வந்தது. 'எல்லா பைல்களையும்' என்றால் சோனியின் பைல்களை மட்டும் அல்ல. வேறு யார் அதே எழுத்துகளில் பெயர் வைத்தாலும் மறைத்துவிடும்! அதாவது, மாயக் குல்லாயைத் திண்ணையில் தொங்கவிட்டது போல. சில நாட்களிலேயே வைரஸ் எழுதுபவர்கள் அதை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் அனுப்பிய கெட்ட புரோகிராம், சோனியின் மறைப்பிலேயே போய் ஒளிந்துகொண்டது.

சரி, அதை நீக்கிவிடலாம் என்றால், நீக்குவதற்காக அந்த நிறுவனம் கொடுத்த வழியும் இன்னொரு ஓட்டையைத் திறந்து வைத்தது. இதைக் கண்டுபிடித்தவர்கள் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். இன்னொரு வேடிக்கை கேளுங்கள். காப்பி அடிப்பதைத் தடுக்க வந்த அந்தப் புரோகிராமிலேயே, மற்றவர்கள் எழுதிய நிரலின் பகுதிகள் விதிமுறையை மீறிச் சேர்க்கப்பட்டிருந்தன!

'ரூட்கிட் என்றால் என்னவென்றே பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. பிறகு எதற்காகக் கவலைப்பட வேண்டும்?' என்று அந்த நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவர் வானொலிப் பேட்டியில் கேட்டார். மக்களுக்குக் கோபம் வந்துவிட்டது. வழக்குகள் தொடர்ந்தன. 52 ஆல்பங்களின் சிடிக்களை நிறுவனம் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. அதற்குள் சுமார் 21 லட்சம் சிடிக்கள் விற்றுவிட்டன. கம்ப்யூட்டர் கெட்டுப்போனவர்களுக்கு 150 டாலர் வரை தர வேண்டும் என்று 2007ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையத்துடன் உடன்பாடு ஆனது.

சாவிக்கொத்து யாரிடம்?

கம்ப்யூட்டரின் அடி ஆழத்தில் 'கெர்னல்' என்ற பகுதி இருக்கிறது. வீட்டின் எல்லா அறைகளுக்கும் உரிய சாவிக்கொத்து அதனிடம்தான். சாதாரண புரோகிராம்கள் அதன் அனுமதி கேட்டுத்தான் எதையும் செய்ய முடியும். காப்பியைத் தடுக்கும் புரோகிராம்களோ, 'எங்களுக்கும் ஒரு சாவிக்கொத்து வேண்டும்' என்று அங்கேயே போய் உட்கார்ந்துகொள்கின்றன. அவற்றில் ஒரு சின்னத் தவறு இருந்தாலும் சாவிக்கொத்து திருடன் கைக்குப் போய்விடும்.

விளையாட்டு சிடிக்களை காப்பி எடுக்காமல் தடுக்க 'சேஃப்டிஸ்க்' என்ற முறை இருந்தது. அதற்கான புரோகிராம் விண்டோஸ் எக்ஸ்பியோடு சேர்ந்தே வந்தது. அதில் ஓட்டை இருந்ததும், அதைச் சிலர் பயன்படுத்தித் தாக்குவதும் 2007இல் தெரியவந்தது. விளையாட்டே வாங்காதவர்களின் கம்ப்யூட்டரிலும் அந்த ஓட்டை இருந்தது!

2016 செப்டம்பரில் 'ஸ்ட்ரீட் பைட்டர் 5' விளையாட்டுக்கு கேப்காம் நிறுவனம் ஒரு அப்டேட் அனுப்பியது. விளையாட்டை யாரும் மாற்றியமைத்து ஏமாற்றக் கூடாது என்பதற்காகக் கெர்னலில் ஒரு புரோகிராமை அது வைத்தது. எந்தப் புரோகிராம் கேட்டாலும் சாவிக்கொத்தை நீட்டிவிடும் அளவுக்கு அது ஏமாளியாக இருந்தது. விளையாடுபவர்கள் கூச்சல் போட்டதும் நிறுவனம் உடனே திரும்பப் பெற்றது. 2022இல் 'ஜென்ஷின் இம்பேக்ட்' விளையாட்டின் ஏமாற்றுத் தடுப்புப் புரோகிராமை மட்டும் தனியே எடுத்துக்கொண்டுபோய், அதைக் கொண்டே ஆன்டிவைரசை நிறுத்திவிட்டு பைல்களைப் பூட்டினார்கள் திருடர்கள். அந்த விளையாட்டு இல்லாத கம்ப்யூட்டரிலும் இதைச் செய்ய முடிந்தது.

சொட்டு மருந்து சொல்லும் பாடம்

நம் நாட்டில் போலியோ சொட்டு மருந்து கொடுத்தபோது ரேஷன் கார்டு கேட்டார்களா? இல்லை. ஐந்து வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைக்கும் கொடுத்தார்கள். ஏன்? ஒரு குழந்தைக்கு நோய் வந்தால் அது பக்கத்துக் குழந்தைக்கும் பரவும். எல்லாருக்கும் கொடுத்ததால்தான் 2014இல் இந்தியா போலியோ இல்லாத நாடாகச் சான்று பெற்றது.

கம்ப்யூட்டருக்குச் சொட்டு மருந்து, பாதுகாப்பு அப்டேட். 2006இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் இந்த அப்டேட் வரும் வழியிலேயே, 'உன் விண்டோஸ் ஒரிஜினலா?' என்று சோதிக்கும் புரோகிராமையும் அனுப்பியது. அது தினமும் நிறுவனத்தின் கம்ப்யூட்டரோடு பேசியது தெரியவந்து எதிர்ப்பு கிளம்பவே, அந்தப் பழக்கத்தை நிறுத்தினார்கள். 2007 ஆகஸ்டில் சோதிக்கும் சர்வரில் கோளாறு ஏற்பட்டது. சுமார் 19 மணி நேரத்துக்குப் பணம் கொடுத்து வாங்கியவர்களில் ஆயிரக்கணக்கானோரையும் 'போலி' என்று அது சொல்லிவிட்டது!

திருட்டு காப்பி வைத்திருப்பவர்களுக்கும் முக்கியமான பாதுகாப்பு அப்டேட் தானாகக் கிடைக்கும்படி மைக்ரோசாப்ட் செய்திருந்தது உண்மைதான். ஆனாலும், 'மாட்டிக்கொள்வோமோ' என்று பயந்து பலர் அப்டேட்டையே நிறுத்தி வைத்தார்கள். 2008 அக்டோபரில் ஒரு ஓட்டையை அடைக்கும் அப்டேட் வந்தது. அடுத்த மாதமே அதே ஓட்டை வழியாக 'கான்பிக்கர்' வைரஸ் கிளம்பி, லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களில் புகுந்தது. அப்டேட் போடாத கம்ப்யூட்டர்கள்தான் அதற்கு வழிவிட்டன.

யாருக்குத் தண்டனை?

நன்றாக யோசித்துப் பாருங்கள். இன்டர்நெட்டில் பாட்டைத் திருட்டுத்தனமாக எடுத்தவருக்கு சோனி ரூட்கிட் வரவில்லை. காசு கொடுத்து சிடி வாங்கியவருக்குத்தான் வந்தது! நேர்மையாக நடந்தவருக்கே தண்டனை கிடைத்தால், அடுத்த முறை அவர் எப்படி நம்பி வாங்குவார்?

அதற்காகத் திருட்டு காப்பியே மேல் என்று நினைத்துவிடாதீர்கள். அதில் வைரஸை வைத்தே கொடுக்கும் ஆசாமிகள் நிறைய. அங்கே கொல்லைக் கதவு மட்டுமல்ல, வாசல் கதவும் திறந்தே கிடக்கும்.

ஒரு நிறுவனம் தன் பொருளைப் பாதுகாக்கலாம். ஆனால் உங்கள் கம்ப்யூட்டர் உங்களுடையது. அதன் பாதுகாப்பைக் குலைக்க யாருக்கும் உரிமை இல்லை. எனவே, புதிய விளையாட்டோ சாப்ட்வேரோ போடும்முன், அப்பா அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று கேள்விகள் கேளுங்கள்.

* என்னென்ன புரோகிராம்களைப் போடப்போகிறது என்று முன்கூட்டியே சொல்கிறதா?

* வேண்டாம் என்றால் முழுவதும் நீக்க முடியுமா?

* அது செய்யும் வேலைக்குச் சாவிக்கொத்து முழுவதும் தேவையா?

மூன்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும், அந்த 'ஓ.கே.' பட்டனை அழுத்தாமல் கொஞ்சம் பொறுங்கள்!