பூசி மெழுகாதீர்!

கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் அம்பாஸிடர் கார் உற்பத்தி 2014-இல் நின்றது. பழைய வண்டிகளின்மேல் சிலருக்கு மோகம், இருக்கட்டும். ஆனால், துருப்பிடித்த தகட்டின்மேல் பட்டியை அப்பி, உப்புத்தாளால் தேய்த்து, வர்ணமடித்து விற்கிறார்களே, அதைப் பழுதுபார்த்தல் என்று சொல்ல நாக்கூசுகிறது.

அந்த வண்டிக்குத் தனியாகச் சாஸி கிடையாது, உடலேதான் எலும்பு. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு இற்றால் முதுகெலும்பே இற்றது. பட்டி பாரம் தாங்குமா? ஈரத்தை உறிஞ்சி, துருவை உள்ளே வளர்க்கும். துருவோ இரும்பைவிட அதிக இடம் கேட்கும். ஒருநாள் வர்ணம் கொப்பளித்துவிடும்.

நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டுங்கள். புதுத் தகட்டைப் பற்றவையுங்கள். உட்புறமும் துருத்தடுப்புப் பூசுங்கள். கூலி அதிகம்தான். கொடுக்க மனமில்லாதவர், வாங்குகிறவரிடம் உள்ளதைச் சொல்லி விற்கட்டும். அதில் ஏறி உட்காரப்போவது அவர் குழந்தைகள் அல்லவா?