காக்காவுக்கு ஏது செக்போஸ்ட்? பறவைக் காய்ச்சல் கண்காணிப்பில் பெரிய ஓட்டை

தெருமுனை டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் ஒரு காக்கா செத்துக் கிடக்கிறது. என்ன செய்வோம்? "கரண்டு அடிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவோம். மறுநாள் காலையில் தூய்மைப் பணியாளர் வருவார். துடைப்பத்தால் தள்ளி, முறத்தில் அள்ளி, குப்பை வண்டியில் போடுவார். கதை முடிந்தது.

அதே இடத்தில் அடுத்த நாள் மூணு காக்கா கிடந்தால்? அப்போதும் அநேகமாக இதே கதைதான்.

ஆனால் காட்டுப் பறவைகளிடம் பறவைக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்க அரசாங்கம் வைத்திருக்கிற ஏற்பாடு பெரும்பாலும் இந்த இடத்தில் இருந்துதான் தொடங்குகிறது. செத்த பறவையை ஒருத்தர் பார்க்கணும். பார்த்தவர் சொல்லணும். சொன்னதைக் கேட்டவர் வந்து எடுக்கணும். எடுத்தது ஆய்வகத்துக்குப் போகணும். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும், போபாலில் எத்தனை கோடி ரூபாய் மெஷின் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

பாங் அணையில் நடந்தது

2020-ம் ஆண்டு டிசம்பர் கடைசி. இமாச்சல பிரதேசம் காங்ரா மாவட்டத்தில் பியாஸ் ஆற்றின் மேல் கட்டப்பட்ட பாங் அணை. குளிர்காலத்தில் ஒரு லட்சம் பறவைகள் வரை வந்து இறங்கும் பெரிய ஏரி அது. 28-ந்தேதி வனத்துறை ஊழியர்கள் கரையில் பறவைகள் செத்துக் கிடப்பதைப் பார்த்தார்கள். பெரும்பாலும் வரித்தலை வாத்துகள். திபெத், மங்கோலியா பக்கம் இருந்து இமயமலையைத் தாண்டி வருகிற பறவை. அடுத்தடுத்த நாட்களில் நூறு, இருநூறு என்று விழுந்துகொண்டே இருந்தன.

மாதிரி எடுத்து அனுப்பினார்கள். ஜலந்தர், பரேலி, போபால் என்று மூன்று ஊர் ஆய்வகங்களுக்குப் போனது. 'எச்5என்1' கிருமிதான் என்று முடிவு தெரிந்தது ஜனவரி 4-ந்தேதி. ஒரு வாரம். அதற்குள் செத்த பறவைகள் 1,700-ஐத் தாண்டிவிட்டன. கடைசியில் 4 ஆயிரத்துக்கும் மேல் போனது கணக்கு.

இதில் வனத்துறையைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் பார்த்தார்கள், உடனே சொன்னார்கள், உடம்பு முழுக்க பாதுகாப்பு உடை போட்டுக்கொண்டு குழி தோண்டிப் புதைத்தார்கள். அது சரணாலயம், தினமும் ரோந்து போகிற ஆள் இருந்தார். அங்கேயே முடிவு தெரிய ஒரு வாரம் ஆனது. ரோந்துக்கு ஆளே இல்லாத ஊர் ஏரியில், கண்மாயில், மார்க்கெட் பின்பக்கக் குப்பைமேட்டில் நடந்தால் எத்தனை வாரம் ஆகும்? கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதே சமயத்தில் ராஜஸ்தானில் ஜாலாவரிலும், மத்திய பிரதேசத்தில் இந்தூரிலும் காக்காக்கள் கூட்டமாக செத்து விழுந்தன. கேரளாவில் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் வாத்துகள் ஆயிரக்கணக்கில் செத்தன. கேரளாவில் இருந்தது 'எச்5என்8' என்ற வேறு வகை. அதாவது பாங் அணையில் இருந்து நேரா பறந்து குட்டநாட்டுக்கு வந்த நோய் இல்லை. ஒரே குளிர்காலத்தில், ஒரே நாட்டுக்குள், இரண்டு வகைக் கிருமி சுற்றியிருக்கிறது.

எல்லாத்துக்கும் போபால்தான்

பறவைக் காய்ச்சல் என்று அதிகாரப்பூர்வமாக அறிவிக்க போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகத்தின் முடிவு வேண்டும். தென் மாநிலங்களுக்கு பெங்களூரில் மண்டல ஆய்வகம் இருக்கிறது. அங்கே முதல் கட்ட சோதனை செய்யலாம். ஆனால் கடைசி முத்திரை போபால்தான். ஆபத்தான கிருமியை கண்ட இடத்தில் கையாள முடியாது என்று அதற்குக் காரணம் சொல்கிறார்கள். நியாயம்தான். ஆனால் மாதிரி ஐஸ் பெட்டியில் பயணம் போகும் நாட்களில், இங்கே கோழிக்கடையும் நடக்கும், வாத்து மேய்ச்சலும் நடக்கும்.

இன்னொரு சங்கதி. செத்த பறவையை எடுத்தால் மட்டும் பத்தாது. காட்டு வாத்துகளில் பல வகை, கிருமியை சுமந்தபடி தெம்பாக நீந்திக்கொண்டிருக்கும். பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அதனால்தான் உயிரோடு இருக்கும் பறவைகளின் எச்சத்தை ஏரிக்கரையில் இருந்து பச்சையாக சேகரித்து சோதிக்க வேண்டும் என்கிறார்கள். தொண்டையிலும் ஆசனவாயிலும் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுப்பதும் உண்டு. கொரோனாவுக்கு நம்ம மூக்கில் விட்டார்களே, அதே மாதிரி. இதெல்லாம் நோய் வந்த பிறகு ஓடிப்போய் செய்கிற வேலை இல்லை. வலசைப் பறவை வந்து இறங்கும் ஐப்பசி, கார்த்திகையில் இருந்து திரும்பிப் போகும் பங்குனி வரைக்கும் வாராவாரம் செய்ய வேண்டிய வேலை.

காக்கா யார் இலாகா?

கோழி செத்தால் கால்நடை பராமரிப்புத்துறை. வேடந்தாங்கலிலோ கூந்தன்குளத்திலோ பறவை செத்தால் வனத்துறை. நடுத்தெருவில் காக்கா செத்தால்? மாநகராட்சி. மனுஷனுக்குக் காய்ச்சல் வந்தால் சுகாதாரத்துறை. கிருமி ஒண்ணு, இலாகா நாலு.

காகிதத்தில் எல்லாரும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்றுதான் இருக்கிறது. மத்திய அரசின் செயல் திட்டம் 2021-ல் திருத்தி வெளியிடப்பட்டது. கோழிப்பண்ணையில் நோய் வந்தால் 1 கிலோமீட்டர் சுற்றளவில் அழிப்பு, 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு என்று சுத்தமாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் காலையில் 6 மணிக்கு முறத்தோடு நிற்கிற அந்தப் பணியாளருக்கு இதில் என்ன தெரியும்? நாலு காக்கா ஒரே இடத்தில் கிடந்தால் தொடாதே, இந்த நம்பருக்குப் போன் போடு என்று அவரிடம் யார் சொன்னது? கையுறை கொடுத்த ஊரும் உண்டு, கொடுக்காத ஊரும் உண்டு. கொடுத்தாலும் அது குப்பை அள்ள. நோய்ப் பறவையை எடுக்க முகக்கவசம், கண்ணாடி எல்லாம் வேண்டும்.

ஆடு, மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் 1962-க்குப் போன் செய்யலாம் என்பது கிராமத்தில் பலருக்குத் தெரியும். அந்த நம்பரையே குப்பை வண்டியின் முதுகில் எழுதி, 'பறவைகள் கூட்டமாகச் செத்தால் சொல்லவும்' என்று ஒரு வரி போட்டால் என்ன செலவாகிவிடும்? ஒரு டப்பா பெயிண்ட்.

லாரிக்கு மருந்து, காக்காவுக்கு?

கேரளாவில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் நம்ம பக்கம் முதலில் நடப்பது என்ன? வாளையாறு, குமுளி, புளியரை செக்போஸ்ட்டில் லாரி டயருக்கு கிருமிநாசினி அடிப்பார்கள். டி.வி.யிலும் காட்டுவார்கள். அது தேவைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. கோழி, முட்டை, தீவனம் ஏற்றி வரும் வண்டியில் கிருமி வரத்தான் செய்யும். ஆனால் அந்த செக்போஸ்ட்டுக்கு மேலேயே காக்கா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறந்துகொண்டிருக்கிறதே, அதை யார் நிறுத்தி சோதிப்பது?

2024-ல் ஆலப்புழை மாவட்டத்தில் வாத்து, கோழிக்கு வந்த நோய் அந்த ஜூன் மாதத்தில் முகம்மா பகுதி காக்காக்களிடமும் கண்டுபிடிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் மராட்டிய மாநிலம் லாத்தூர் மாவட்டம் உத்கிரில் காக்காக்கள் செத்து, அதுவும் எச்5என்1 என்று உறுதியானது. காக்கா இந்த நோயில் அலாரம் மாதிரி. ஊருக்குள் வாழ்கிறது, எல்லாக் கழிவையும் கொத்துகிறது, நோய் வந்தால் சட்டென்று விழுகிறது. அலாரம் அடிப்பது இலவசம். கேட்கத்தான் ஆள் இல்லை.

வெளிநாட்டுப் பறவை மேல் மட்டும் பழி போடுவதும் சரியில்லை. இந்தக் கிருமியின் பூர்வீகம் எது தெரியுமா? 1996-ல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் வளர்ப்பு வாத்துகளில் கண்டுபிடித்தது. மறு வருஷம் ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்றி 6 பேர் செத்தார்கள். பண்ணையில் இருந்துதான் காட்டுப் பறவைக்குப் போனது. இப்போது காட்டுப் பறவையிடம் இருந்து பண்ணைக்குத் திரும்பி வருகிறது. நடுவில் பாலம் போட்டுக் கொடுப்பது நாம்தான். கோழிக்கழிவை மூட்டை கட்டி ராத்திரியோட ராத்திரியா ஏரிக்கரையில் கொட்டுகிறோமே, காக்காவும் நாயும் கொக்கும் ஒரே பந்தியில் உட்காருவது அங்கேதான்.

கடைக்காரர் வயிற்றில் அடி

காட்டுப் பறவைக்கோ காக்காவுக்கோ நோய் வந்தது என்பதற்காக ஒரு நாட்டின் கோழிக்கறிக்குத் தடை போட வேண்டாம் என்பதுதான் உலக விலங்கு நல அமைப்பின் விதி. ஆனால் மார்க்கெட்டுக்கு விதி தெரியுமா? பாங் அணையைச் சுற்றி நான்கு தாலுகாக்களில் கோழி, முட்டை, மீன் விற்பனையையே நிறுத்தி வைத்தார்கள். 2021 ஜனவரியில் டெல்லி காஜிப்பூர் கோழி மார்க்கெட்டை 10 நாள் மூடினார்கள். எங்கேயோ வடக்கே காக்கா செத்தால், இங்கே நாமக்கல்லில் முட்டை விலை இறங்குகிறது, பல்லடத்தில் கறிக்கோழி தேங்குகிறது.

பண்ணைக்காரருக்காவது, அரசு அழித்த கோழிக்கு நஷ்டஈடு என்று ஒன்று இருக்கிறது. கேரளாவில் 2 மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200 ரூபாய், அதற்குக் கீழே 100 ரூபாய் என்று கொடுத்தார்கள். தினக்கூலிக்கு கோழி உரிக்கிற பையனுக்கு? தள்ளுவண்டியில் சில்லி சிக்கன் போடுகிற அக்காவுக்கு? ஒரு பைசா கிடையாது. நெல் அறுத்த வயலில் வாத்து மேய்த்து ஊர் ஊராகப் போகிறவரின் நிலைமை இன்னும் மோசம். அவரது வாத்து இறங்கும் அதே தண்ணீரில்தான் காட்டு வாத்தும் இறங்குகிறது. அவருக்கு யாரும் முன்கூட்டி "இந்த ஏரிப் பக்கம் போகாதீங்க" என்று சொல்வதில்லை. முதல் நாளே சோதனை, மூணாம் நாளே முடிவு, எந்த ஏரி என்று பெயர் சொல்லி அறிவிப்பு என்று இருந்தால் மற்ற ஊர்க்காரர்கள் பிழைப்பு தப்பும். விலை விழுந்துவிடும் என்று பயந்து விஷயத்தை அமுக்கினால் வதந்தி கிளம்பும். வதந்திக்கு ஏரி, மாவட்டம், மாநிலம் எதுவும் கிடையாது, எல்லா ஊர்க் கடையும் காலி.

பயப்படணுமா?

நன்றாக வேகவைத்த கறியிலும் முட்டையிலும் கிருமி நிற்காது. 70 டிகிரி சூடு போதும். நம்ம வீட்டுக் கொதிக்கிற குழம்பு அதைத் தாண்டிவிடும். ஆஃப் பாயில் பிரியர்கள் மட்டும் நோய் செய்தி வரும் சீசனில் கொஞ்சம் நாக்கைக் கட்டுங்கள்.

மனுஷனுக்கு இந்த நோய் சுலபத்தில் வராது. ஆனால் வந்தால் லேசில் விடாது. 2003-ல் இருந்து உலகம் முழுக்க எச்5என்1 தொற்றியதாக உறுதியானவர்கள் 900 பேருக்கு மேல், அதில் கிட்டத்தட்ட பாதிப்பேர் பிழைக்கவில்லை. இந்தியாவில் 2021 ஜூலையில் டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் ஒரு சிறுவன் இறந்தான். 2025 மார்ச்சில் ஆந்திராவின் பல்நாடு மாவட்டம் நரசராவ்பேட்டையைச் சேர்ந்த 2 வயதுப் பெண் குழந்தை இறந்தது. சமைக்கும்போது பச்சைக் கோழிக்கறித் துண்டை வாயில் போட்டுக்கொண்ட குழந்தை என்று விசாரணையில் தெரியவந்தது. மகராஷ்டிரத்தில் நாக்பூர் அருகே கோரேவாடாவில் 2024 டிசம்பரில் 3 புலிகளும் ஒரு சிறுத்தையும் இதே கிருமிக்கு பலியாகின. புலிக்கே வருகிறது என்றால் கறி உரிக்கிற கைக்கு சோப்பு கட்டாயம்.

நெல்லை மாவட்டம் கூந்தன்குளத்துக்கும் வரித்தலை வாத்து வருகிறது. பாங் அணையில் செத்து விழுந்த அதே இனம். அந்த ஊர் ஜனங்கள் பறவைகளை வீட்டுப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்பவர்கள். மரத்தில் இருந்து குஞ்சு விழுந்தால் எடுத்து வந்து கொடுப்பார்கள். எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு உரமாக அள்ளுவார்கள். எந்தப் பறவை எப்போது வரும், எது சோர்ந்து உட்கார்ந்திருக்கிறது என்று ஆபீசருக்கு முன்னால் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களில் பத்துப் பேருக்கு இரண்டு நாள் பயிற்சி, கையுறை, ஒரு ஐஸ் பெட்டி. அதைக் கொடுத்துவிட்டு அப்புறம் செக்போஸ்ட்டில் எவ்வளவு மருந்து வேண்டுமானாலும் அடிக்கட்டும்.