வேஷம் யாருடையது?



திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குத் தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவன் நான். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடும் சக ஊழியர் லீவு போட்டால், "வேலைக்கு டிமிக்கி, பைத்தியக்கார வேஷம்" என்று பெட்டியில் சிரிக்கிறார்கள். வேஷம் போடுகிறவர்கள் இல்லாமலில்லை. அவர்களுக்குத்தான் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 91ஆம் பிரிவு: ஏமாற்றிச் சலுகை பெற்றால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாற்றுத்திறனாளி சான்றிதழும் கேட்டவுடன் கிடைக்காது. தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேச்சு, வேலை என எல்லாவற்றையும் மருத்துவர்கள் மதிப்பிடுவார்கள்; சலுகைக்குப் பாதிப்பு 40 சதவீதமாவது வர வேண்டும்.

ஆனால் உண்மையில் அவதிப்படுகிறவர் நோயை மறைக்கவே பார்க்கிறார். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை விழுப்புரத்துக்குப் பக்கத்தில்தான். வரிசையில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்து, அந்தச் சக ஊழியர் புதுச்சேரிக்குப் போய் மாத்திரை வாங்குகிறார். கேட்டால் முதுகுவலிக்கு என்கிறார்.

ஒரு வாசகர், திண்டிவனம்